கோட்டையும் குப்பமும்

புதிய நகரங்களை நிர்மாணிக்க வேண்டுமென்னும் பேச்சு நமது தேசத்தில் சில வருஷங்களாக ஓங்கி வளர்ந்திருக்கிறது. 2014-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பார்லிமெண்டில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், சென்னை-பெங்களூர்த் தொழில் மார்க்கத்தையொட்டி மூன்று 'ஸ்மார்ட்' நகரங்களுக்குத் திட்டம் வகுக்கப்படும் என்று நிதி மந்திரி அறிவித்தார். அவற்றுள் ஒன்று நமது பொன்னேரி. மேல்நாட்டாரோ இதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டனர். மனிதன் தன் வேலைக்கும், சந்தைக்கும், பள்ளிக்கும், வைத்தியனிடத்திற்கும் கால்நடையாகவே போய்வரத்தக்க ஊரே நல்ல ஊர் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். பாரிஸ் மாநகரத் தலைவி ஆன் ஹிடால்கோ 2020-ஆம் வருஷத்துத் தேர்தலில் 'பதினைந்து நிமிஷ நகரம்' என்பதையே தமது கோஷமாகக் கொண்டார். சென்னையிலும் 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதையை அகலப்படுத்தி, நடப்பவர்களுக்கு முதலிடம் தந்து திறந்துவைத்தார்கள்.

இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் நாம் கேட்பது ஒன்றுண்டு. இனிமேல் உண்டாக்கப் போவதாகச் சொல்லும் இத்தகைய ஊர், பொன்னேரிக்குக் கிழக்கே, பஸ்ஸில் சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் எட்டிவிடும் தூரத்தில், பல நூற்றாண்டுகளாக இருந்துகொண்டிருக்கிறதே, அதைக் கவனித்தவர் யார்? பழவேற்காட்டையும் அதனை அடுத்த கோட்டைக்குப்பத்தையும் குறித்தே இதைச் சொல்கிறோம். இல்லாத நகரத்திற்குப் படம் வரைவோர், இருக்கின்ற ஊரைப் பாழாக விடுவது விவேகமாகாது. அந்த ஊரை மீண்டும் தழைக்கச் செய்வது எப்படி, யாருக்காக என்பதே இன்று நாம் வாசகர்களின் ஆலோசனைக்கு வைக்கும் விஷயம்.

பழவேற்காடு சாமானியமான ஊரன்று. விஜயநகர அரசர் காலத்திலேயே அது பேர்பெற்ற துறை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் அங்கே வந்தனர். அவர்களுக்குப்பின் ஒல்லாந்தர் வந்து, 1613-ஆம் வருஷத்தில் 'கெல்டிரியா' என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமை ஸ்தானம் அதுவே. சுற்றுப்புறத்துத் தறிகளில் நெய்த துணி அங்கிருந்து கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போய், ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறி ஐரோப்பாவுக்குச் சென்றது. கோட்டைக்குள் நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து இடித்தார்கள். துணி மட்டுமா கப்பலேறிற்று? பஞ்சத்தில் விலைபோன நம் ஜனங்களும் அடிமைகளாக அதே துறையில் ஏற்றப்பட்டு பட்டேவியாவுக்கு அனுப்பப்பட்டனர். அன்னியரின் வியாபாரச் சிறப்பைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுவது வழக்கம். நாம் விடுவதற்கில்லை. 1824-ஆம் வருஷத்து உடன்படிக்கையை அனுசரித்து, மறுவருஷம் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. சென்னைத் துறை ஓங்க ஓங்க, பழவேற்காடு ஓய்ந்தது.

இன்று அக்கோட்டை புதர் மூடிய மேடு. அகழி இருந்த இடம் தெரிகிறது, அவ்வளவே. ஆனால் கோட்டையின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய குப்பம் இன்னும் உயிரோடிருக்கிறது. அரசுகள் நான்கு மாறியும் வலை உலர்த்துவது நிற்கவில்லை. இந்த நிலைப்புக்குக் காரணம் ஒன்றிருக்க வேண்டும். அதை ஆராய்ந்தால் ஊர் நிர்மாணத்தின் ரகசியம் முழுவதும் விளங்கும் என்பது நமது அபிப்பிராயம்.

அந்த ரகசியம் தூரத்தின் குறைவே. மீனவன் வீட்டுக்கும் படகுக்கும் நடுவே சில நூறு அடிகள். காற்று எந்தத் திசையில் திரும்பியது, நீர் எப்போது ஏறுகிறது என்பதை அவன் திண்ணையிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டியவன். இறாலும், நண்டும், மடவையும் கரையேறிய உடனே ஏலம் போகவேண்டும். ஏலத்தில் எடுத்த பெண் கூடையைத் தலையிலேற்றி வெயில் ஏறுமுன் கடைவீதியை அடையவேண்டும். ஐஸ் வியாபாரியும், வலை பின்னுகிறவனும், படகு தச்சனும், டீக்கடைக்காரனும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலன்றி இந்தத் தொழில் ஒருநாள்கூட நடவாது. முஸ்லீம் பெண்மக்கள் வீட்டுத் திண்ணையில் பனையோலையைக் கீறிப் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். அந்தத் தொழிலுக்கும் வீடே பட்டறை, தெருவே கிடங்கு.

இந்தச் சிறு வட்டத்துக்குள் தெய்வங்களுக்கும் இடமுண்டு. செம்பாறாங்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், அதன் சிறு சிற்பங்களில் இராமகாதை, சமயேஸ்வரர் கோயில், போர்த்துகீசியர் காலத்திலிருந்து வழிபாடு நடந்துவரும் மகிமை மாதா ஆலயம், பழமையான பள்ளிவாசல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். பல மதத்தினர் ஒருவரையொருவர் தினந்தோறும் எதிர்ப்படுகிற தெருவில், வெறுப்பை விதைக்க வருகிறவனுக்கு அதிக வேலையிராது. தெரிந்த முகத்தைப் பகைப்பது கஷ்டமல்லவா?

ஜீவனச் செலவு குறைந்த ஊர் என்று எதைச் சொல்வது? குறைந்த வாடகை மட்டும் அந்தப் பெயருக்குப் போதாது. இனாமாகக் கிடைத்த வீடும், அங்கிருந்து பிழைப்புக்குப் போக ஐம்பது ரூபாய் செலவாகுமானால், விலையுயர்ந்த வீடே. இதற்குச் சாட்சி வெகுதூரத்தில் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து போனபின், சென்னைக் கரையோரத்துக் குடும்பங்கள் பல, நகரத்துக்குத் தெற்கே செம்மஞ்சேரியில் கட்டிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அங்கே அவர்களுக்குச் சுவர் கிடைத்தது, கடல் கிடைக்கவில்லை. 2005 மார்ச்சில் சென்னை சர்க்கார் பிறப்பித்த உத்தரவும் அதே போக்கினது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் அதற்கு அப்பால் போக இசைந்தால் புது வீடு உண்டு. இருந்த இடத்திலேயே இருப்போம் என்பவர்கள் தம் கைப்பொருளால் பழுது பார்த்துக்கொள்ளலாம், சர்க்கார் உதவி கிடையாது என்றது அது. உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. மீனவனைக் கரையிலிருந்து அகற்றிவிட்டு அந்தக் கரையை வேறொருவனுக்கு விடுவது பாதுகாப்பாகுமா என்றே கேட்கிறோம்.

பழவேற்காட்டில் இன்று சட்டங்களுக்குக் குறைவில்லை. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைத் தொல்பொருள் இலாகா பாதுகாக்கிறது. வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கிய அந்த மயானம் அபூர்வமான சிற்பக் களஞ்சியமே. அதைக் காப்பது சரியே. ஆனால் 2010-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி, காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக்கட்டிடம் கூடாது. அதற்கப்பால் இன்னும் இருநூறு மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்டவேண்டும். நூறு மீட்டருக்குள் கூரையைப் பழுது பார்க்கவும் அனுமதி தேவை. ஏரியில் பறவைகளுக்காக 1980 முதல் சரணாலயம். கரைக்கு 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள். அவை 2011-லும் 2019-லும் திருத்தி எழுதப்பட்டன. இறந்த ஒல்லாந்தனுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. விருந்துக்கு வரும் பூநாரைக்கும் காவல் நிற்கிறது. வருஷம் முழுவதும் அங்கேயே உழைத்து வாழ்கிறவன் மட்டும், தன் வீட்டுக்கு ஒரு சுவர் வைக்க எந்த ஆபீஸின் வாசலில் நிற்பதென்று தெரியாமல் திகைக்கிறான். நாம் சட்டங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. மூன்று இலாகாக்களும் கூடி, இந்த ஊருக்கென்று ஒரே படம், ஒரே விதி, ஒரே மனு என்று செய்து, அதைப் பொன்னேரி தாலூகா ஆபீஸில் தமிழில் எழுதி வைத்தால் எவருக்கு என்ன நஷ்டம்?

ஊர் க்ஷீணித்ததற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. அது அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. தெற்கே எண்ணூரில் 2001-லும், காட்டுப்பள்ளியில் அதன் பின்னரும் துறைமுகங்கள் எழுந்தன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேலாக விஸ்தரிக்கும் யோசனை வெளியானதும், கரையரிப்புக்கு அஞ்சிப் பழவேற்காட்டுக் குப்பங்கள் ஒன்றுகூடி எதிர்த்தன. மீன்பாடு குறைந்த குடும்பம் பிள்ளைகளை ஆலை வேலைக்கு அனுப்புகிறது; பணமுள்ள வியாபாரி பொன்னேரிக்கோ சென்னைக்கோ குடிபோகிறான்; அவனுடைய பழைய வீடு பூட்டிக் கிடந்து ஒரு மழைக்காலத்தில் விழுகிறது; காலி மனையில் குப்பை சேர்கிறது. வீதி இவ்விதமே வீடு வீடாகச் சாகிறது.

இதற்கு மருந்தென்று சிலர் சொல்லக் கேட்கிறோம்: ஊரைச் சுற்றுலா ஸ்தலமாக்கிவிட்டால் போதும், பணம் தானே வரும் என்று. பணம் வரும்; யாருக்கு வரும் என்பதே கேள்வி. கொச்சிக் கோட்டைப் பகுதியைப் பாருங்கள். போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் வாழ்ந்த பழைய வீடுகள் பல இன்று விருந்தினர் விடுதிகளாகப் பொலிகின்றன. ஆனால் மனையின் விலை ஏறியபின், அதே தெருவில் பிறந்த ஏழை அங்கே குடிக்கூலிக்கு இடம் பிடிப்பது அரிது. மேலும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஒழுங்கின்றி அழைத்ததன் பலனைப் பழவேற்காடு ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசப் படகொன்று கவிழ்ந்து இருபத்திரண்டு பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. விருந்தினரை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. விருந்தினருக்காக வீட்டுக்காரனை வெளியேற்றும் ஏற்பாடே வேண்டாம் என்கிறோம்.

ஊர் திருத்தும் சாஸ்திரத்தில் பேர்போன பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். மறுவருஷம் சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். அக்காலத்து இஞ்சினீயர்களுக்கு ஒரே வித்தைதான் தெரியும்: பழைய பேட்டையின் நடுவே நேர்கோடு கிழித்து, குறுக்கே வந்த வீடுகளை இடித்து, அகன்ற ரஸ்தா போடுவது. கெடிஸ் அதை மறுத்தார். விழுந்து கிடக்கும் வீட்டை மட்டும் அகற்றுங்கள். அந்த இடத்தில் ஒரு கிணறோ, மரநிழலோ, சிறு மைதானமோ அமையுங்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். செலவும் குறையும், ஊரின் உயிரும் பிழைக்கும் என்றார். அவர் கூறிய அந்த ரண சிகிச்சை, அவயவத்தை வெட்டி எறியாமல் காப்பாற்றும் சிகிச்சை. பழவேற்காட்டுக்கு வேண்டியது அதுவே.

ஆயினும் கெடிஸைவிட மேலான ஆசிரியர் ஒருவர் அந்த ஊரிலேயே இருக்கிறார். அவர் பெயர் 'பாடு'. வாசகர்களில் பலர் இதை அறிந்திருக்கமாட்டார்கள். ஏரியில் இறால் மிகுதியாக அகப்படும் இடங்கள் சில. அங்கே சுத்துவலை கட்ட எல்லாரும் ஒரே நாளில் பாய்ந்தால் அடிதடியில் முடியும். ஏலம் விட்டால் பணக்காரன் ஒருவனே எடுத்துக்கொள்வான். ஆகவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் மூன்று ஊராரும் கூடித் தலைக்கட்டுக் கணக்குப்படி சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன இடம் என்று முறை வகுத்துக்கொண்டார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவனுக்கு அடுத்தமுறை வேறிடம். எவனும் ஓரிடத்தை என்றென்றைக்குமாக வளைத்துக்கொள்ள இயலாது. லண்டன் கலாசாலையில் எழுதிய புத்தகம் இதற்கு மூலமன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெரியோர்கள் கரைமணலில் உட்கார்ந்து செய்த தர்ம சாஸ்திரம் இது. பொதுச்சொத்தை விற்காமலும், வீணாக்காமலும், சண்டையின்றியும் அனுபவிப்பது எப்படி என்று உலகத்துப் பொருளாதார நிபுணர்கள் இன்று எழுதும் கிரந்தங்களின் சாரம் அதில் அடங்கியிருக்கிறது.

இதைப் புகழும்போது இதன் குறையையும் சொல்லிவிடுவது நியாயம். பாடு பிறப்பை ஒட்டிய உரிமை. பட்டினவர் சமூகத்துத் தலைக்கட்டில் சேராதவர்களுக்கு அதன் கதவு திறப்பதில்லை. கையால் துழாவி இறால் பொறுக்கும் இருளருக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், பிற குப்பத்தார்க்கும் அதனால் மனக்குறையும் வழக்கும் உண்டாயிருக்கின்றன. பெண்களுக்கோ அதில் பெயரே இல்லை. சமத்துவத்தை உள்ளே கொண்டாடி வெளியே மறுக்கும் எந்த ஏற்பாடும் நெடுநாள் நிற்காது. ஆகையால், பாட்டின் முறை நமக்கு வேண்டும். அதன் வேலி வேண்டாம்.

இப்பொழுது நமது யோசனையைச் சொல்கிறோம். ஏரிக்குப் பாடு இருப்பதுபோல் வீதிக்கும் ஒரு பாடு வேண்டும். பழவேற்காட்டுக் கடைவீதியில் கூரையும், மேடையும், குடிதண்ணீரும், கழிநீர் வாய்க்காலும், பெண்களுக்குத் தனிக் கக்கூஸும் முதலில் அமையட்டும். பிறகு அந்த மேடைகளை ஏலத்துக்கு விடாமல், அந்த இரண்டு ஊராட்சிகளில் குடியிருக்கும் வியாபாரிகளுக்கு, ஜாதி மத பேதமின்றி, சீட்டுப் போட்டு முறைமாற்றிக் கொடுக்கட்டும். மீன் விற்கும் பெண்களுக்கும், ஓலை முடைவோருக்கும், இருளருக்கும் முதற் பங்கு ஒதுக்கட்டும். தெருவோர வியாபாரிகளுக்காக 2014-இல் ஏற்பட்ட மத்திய சட்டம், இடம் ஒதுக்கும் கமிட்டியில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும் என்கிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். அச்சட்டம் நகரங்களை உத்தேசித்தது. கிராம ஊராட்சியை நேராக எட்டுவதில்லை. ஆனால் நல்ல விதியைப் பின்பற்ற ஊராட்சியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இரண்டாவதாக, விழுந்த மனைகளை வெளியூர்க்காரனுக்கு விற்க விடாமல், ஊராட்சி விலைக்கு வாங்கி, ஊரிலேயே வீடில்லாதவர்க்குப் பட்டா கொடுக்கவேண்டும். பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும். மூன்றாவதாக, பழைய வீட்டைச் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு பழுது பார்க்கிறவர்களுக்குச் சிறு கடன் தரவேண்டும். ஊர்க் கொத்தர்களுக்கே அந்த வேலை கிடைக்கவேண்டும். நான்காவதாக, கல்லறைத் தோட்டத்தையும் கோட்டை மேட்டையும் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் உத்தியோகத்தைக் குப்பத்து வாலிபர்களுக்கே கொடுத்து, அடிமைக் கப்பலின் கதையையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யவேண்டும். ஐந்தாவதாக, இவை யாவற்றிலும் முக்கியமாக, முகத்துவாரம் அடைபடாமல் காப்பது சர்க்காரின் நித்திய கடமையாக வேண்டும். ஏரி செத்தால் வீதி பிழையாது.

இதற்கு ஆட்சேபங்கள் வரும். குப்பங்கள் நெருக்கமானவை, சுகாதாரமற்றவை, அவற்றை ஏன் காக்கவேண்டும் என்பார்கள். நெருக்கம் வேறு, அழுக்கு வேறு. நெருக்கம் ஜனங்கள் தமது சௌகரியத்துக்காகச் செய்துகொண்டது. அழுக்கு, வாய்க்கால் வெட்டாத ஸ்தல ஸ்தாபனம் செய்தது. முன்னதைத் தண்டித்துப் பின்னதை மன்னிப்பது எந்த நீதியைச் சேர்ந்தது? பழைய தெருவில் மோட்டார் போகாதே என்று வேறு சிலர் வருந்துவார்கள். அந்த மோட்டாரை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு இறங்கி நடக்கட்டும். பாண்டி பஜாரில் கோடிக் கணக்கில் செலவழித்து வரவழைத்த வசதி, பழவேற்காட்டில் செலவின்றியே இருக்கிறது.

யாரிடம் இதைக் கேட்பது? சென்னைக் கோட்டையிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நமது பழைய வழக்கம். 1992-ஆம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு ஸ்தானம் தந்தது. 1994-இல் நமது மாகாணத்து ஊராட்சிச் சட்டம் அதற்கு உருவம் தந்தது. ஆனால் 2025 ஜனவரியில் திருவள்ளூர் உள்ளிட்ட இருபத்தெட்டு ஜில்லாக்களில் ஊராட்சிகளின் ஆயுள் முடிந்தபோது, உடனே தேர்தல் நடத்தாமல் தனி உத்தியோகஸ்தர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஜனங்களின் மன்றத்தில் உத்தியோகஸ்தர் உட்காருவது ஜனநாயகத்துக்கு அழகன்று என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். ஆனால் கிராம சபையைக் கூட்டும் நாட்கள் நிர்ணயமானவை. குடியரசு தினம், மே முதல் தேதி, சுதந்திர தினம், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் ஊரார் எவரும் வந்து உட்காரலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். தலைவர் நாற்காலியில் எவர் இருந்தாலும் அந்த உரிமை ஊராருடையதே.

தேச சேவையில் ஈடுபட்ட நண்பர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுதான். மேடைப் பிரசங்கத்துக்காகப் பழவேற்காடு போகவேண்டாம். அடுத்த கிராம சபைக்கு ஒரு மாதம் முன்னதாகப் போங்கள். கடைவீதியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து, பூட்டிய வீடு எத்தனை, விழுந்த மனை எத்தனை, தரையில் கூடை வைத்து விற்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கோட்டைக்குப்பத்துப் பெரியவர்களையும், பள்ளிவாசல் ஜமாத்தாரையும், மாதா கோயில் பங்கு மக்களையும், இருளர் குடிசைக்காரரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, வீதிப் பாட்டுக்கு அவர்களே விதி எழுதும்படி செய்யுங்கள். எழுதியதைத் தீர்மானமாக்கி, ஊராரின் கையொப்பத்தோடு ஜில்லா கலெக்டரிடம் சேர்ப்பியுங்கள். இதற்கு நிதி மந்திரியின் அறிவிப்பு வேண்டியதில்லை. நிபுணர் படமும் வேண்டியதில்லை. ஏரியைப் பங்கிடத் தெரிந்த ஜனங்களுக்கு ஒரு வீதியைப் பங்கிடத் தெரியாமற் போகாது. அதற்கு இடங்கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. அந்த இடத்தைக் கேட்டு வாங்க வேண்டியது நமது கடமை.